அத்தியாயம் 7: ஒரே லினக்ஸில் பல பைத்தான்கள்

உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எந்த டெஸ்க்டாப் லினக்ஸை நிறுவினாலும் அதில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். அது நாம் கேட்டு வந்ததும் அல்ல, நமக்காக வந்ததும் அல்ல. உபுண்டுவில் புதிய மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கும் கருவி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக இறக்கும் சேவை, இல்லாத கட்டளையை அடித்தால் 'இந்த பேக்கேஜை நிறுவிப் பாருங்கள்' என்று சொல்லும் சிறு நிரல் ஆகிய எல்லாமே பைத்தானில் எழுதப்பட்டவை. இயங்குதளம் தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கும் பைத்தான் அது. அதில் கைவைக்காமல், உங்கள் வேலைக்கு வேண்டிய பதிப்பைத் தனியே வைத்துக்கொள்ளும் வழிகளை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

ஒன்று போதாதா?

பைத்தான் 3.9 முதல் ஆண்டுக்கொரு புதிய பதிப்பு அக்டோபர் மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். லினக்ஸ் வெளியீடுகள் இந்த வேகத்தில் நகர்வதில்லை. உபுண்டு 20.04 வெளியானபோது அதிலிருந்தது 3.8. 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. டெபியன் 12-இல் 3.11. வெளியான நாளில் எந்தப் பதிப்பு இருந்ததோ அதுவே கடைசிவரை இருக்கும். ஓட்டைகளை மட்டும் அடைத்துத் தருவார்கள். அந்த உறுதிக்காகத்தான் பல அலுவலகங்கள் இவற்றைத் தேர்ந்தெடுக்கின்றன.

சிக்கல் இரண்டு பக்கமும் வரும். புதிதாக எழுதப்பட்ட ஒரு பேக்கேஜ் உங்கள் கணினியில் இருப்பதைவிட உயர்ந்த பதிப்பைக் கேட்கும். அல்லது, சில ஆண்டுகளுக்கு முன் நன்றாக ஓடிய நிரல் புதிய கணினியில் முதல் வரியிலேயே விழும். இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. 'கலெக்ஷன்ஸ்' என்ற தொகுதியிலிருந்து 'மேப்பிங்' என்ற வகுப்பை நேரடியாக எடுக்கும் பழைய நிரல்கள் 3.9 வரை எச்சரிக்கையோடு ஓடின, 3.10-இல் அந்த வழி நீக்கப்பட்டது. பேக்கேஜ்களைக் கட்டப் பயன்பட்ட 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுதி 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் இல்லாமல் போனது. உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியவர்களில் பலர் 'டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற தொகுதி இல்லை' என்ற பிழையைத்தான் முதலில் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய நிரலில் தவறில்லை. அதை ஓட்டும் பைத்தான் மாறிவிட்டது.

செய்யவே கூடாத ஒன்று

இந்த நிலையில் இணையத்தில் தேடுபவர் கண்ணில் முதலில் படும் ஆலோசனைகளுள் ஒன்று: புதிய பைத்தானை நிறுவு; பிறகு 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' கட்டளையால் பைத்தான்3 என்ற பெயரை அதன் பக்கம் திருப்பிவிடு. உபுண்டு 20.04-இல் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

திருப்பியவுடன் 'பைத்தான்3 --வெர்ஷன்' என்று அடித்தால் புதிய எண் வரும். மகிழ்ச்சியோடு டெர்மினலை மூடுவீர்கள். அடுத்த முறை டெர்மினல் ஐகானை அழுத்தினால் அது திறக்காது. ஏனென்றால் உபுண்டுவில் க்னோம் டெர்மினலைத் தொடங்கிவைப்பது ஒரு சிறிய பைத்தான் நிரல். களஞ்சியம் சேர்க்கும் கருவியும் 'ஆப்ட்_பிகேஜி என்ற தொகுதி இல்லை' என்று நின்றுவிடும். அந்தத் தொகுதி வட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது சி++ மொழியில் எழுதி, 3.8-க்கென்றே தொகுக்கப்பட்ட கோப்பு. கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-38' என்ற முத்திரை இருக்கும். வேறெந்தப் பதிப்பும் அதைத் தனக்குரியதாக ஏற்காது.

ஏற்கெனவே இந்தக் குழியில் இருப்பவர்களுக்கு: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரைகலை இல்லாத வெறும் கன்சோல் வரும். பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே போய், 'சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.8 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று சிம்லிங்கைப் பழைய இடத்துக்கே திருப்புங்கள். உங்கள் வெளியீட்டுக்கு உரிய எண் எதுவோ அதை 3.8 என்ற இடத்தில் போட வேண்டும். பெரும்பாலும் அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

ரெட் ஹேட் உலகில் இதன் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. சென்ட்ஓஎஸ் 7-இல் பேக்கேஜ்களை நிறுவும் 'யம்' கருவியே பைத்தான் 2.7-இல் எழுதப்பட்டது. பைத்தான் என்ற பெயரை 3-க்குத் திருப்பினால் யம் நின்றது. அதைச் சரிசெய்யத் தேவையான பேக்கேஜை நிறுவவும் யம் வேண்டும். இந்தத் தொல்லையைக் கண்டுதான் 2019-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இயங்குதளத்தின் பைத்தானை 'பிளாட்ஃபார்ம்-பைத்தான்' என்ற தனிப் பெயரில் வேறு ஃபோல்டருக்குள் ஒதுக்கிவைத்தார்கள். நல்ல முடிவு அது. டெபியன் குடும்பத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. ஆகவே அந்தப் பிரிவை நாமே கடைப்பிடிக்க வேண்டும்.

மூலநிரலிலிருந்து தானே தொகுத்து நிறுவுபவர்கள் 'மேக் இன்ஸ்டால்' என்று அடிக்காமல் 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்று அடிக்க வேண்டும். முன்னது பைத்தான்3 என்ற பெயரை எடுத்துக்கொள்ளும். பின்னது பைத்தான்3.13 போல எண்ணோடு கூடிய பெயரை மட்டும் உண்டாக்கும்.

கூப்பிட்டால் யார் வருகிறார்கள்?

பல பதிப்புகள் இருக்கும் கணினியில் முதலில் பழக வேண்டிய கட்டளை 'டைப் -ஏ பைத்தான்3'. அந்தப் பெயரில் எத்தனை நிரல்கள் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். வரிசையில் முதலில் நிற்பதுதான் ஓடும். இந்த வரிசையைத் தீர்மானிப்பது 'பாத்' என்ற சூழல் மாறி. 'எக்கோ $பாத்' என்று அடித்தால் ஃபோல்டர்களின் பட்டியல் முக்காற்புள்ளி இட்டு வரும். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கண்டதை எடுத்துக்கொள்கிறது. பதிப்பு மேலாண்மைக் கருவிகள் செய்யும் வேலையின் அடிப்படை இவ்வளவுதான்: இந்தப் பட்டியலின் தலையில் தம் ஃபோல்டரைச் செருகுவது.

பாஷ் ஷெல்லுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பைச் சரியாக நிறுவிய பிறகும் அதே டெர்மினலில் பழையதே ஓடினால், 'ஹாஷ் -ஆர்' என்று அடியுங்கள். நினைவு அழிந்து புதிதாகத் தேடும்.

சூடோ போட்டால் கதை மாறும். உபுண்டுவின் சூடோ உங்கள் பாத்தை ஏற்பதில்லை. தனக்கென்று வைத்திருக்கும் பட்டியலையே பயன்படுத்தும். எனவே 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால் பேக்கேஜ் போய்ச் சேருவது உங்கள் பதிப்புக்கு அல்ல, இயங்குதளத்தின் பைத்தானுக்கு. அதுவும் ரூட் அதிகாரத்தோடு. இந்தக் கட்டளையை எந்த வழிகாட்டியில் கண்டாலும் அந்த வழிகாட்டியை மூடிவிடுங்கள்.

டெபியன் 12-உம் உபுண்டு 23.04-உம் இதற்கு ஒரு பூட்டுப் போட்டன. இவற்றிலும் இவற்றுக்குப் பிந்தைய வெளியீடுகளிலும் வெறும் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்' என்ற பிழை வரும். இந்தப் பைத்தானை நிர்வகிப்பது ஆப்ட், பிப் இதில் தலையிடக் கூடாது என்பது பொருள். பிழைச்செய்தியின் கீழேயே பூட்டை உடைக்கும் தேர்வும் எழுதப்பட்டிருக்கும்: '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. பெயரிலேயே விளைவைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சொந்தக் கணினியில் அதற்குத் தேவையே வராது. கட்டளைவரிக் கருவி ஒன்றை மட்டும் நிறுவ வேண்டுமென்றால் 'பிப்எக்ஸ்' இருக்கிறது. அது ஒவ்வொரு கருவிக்கும் தனி இடம் அமைத்துத் தரும்.

முதலில் வென்வ்

புதிய பதிப்பைத் தேடிப் போகும் முன் ஒரு கேள்வி: உங்களுக்கு உண்மையில் வேறு பதிப்பு வேண்டுமா, வேறு பேக்கேஜ்கள் மட்டும் வேண்டுமா? கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான். அதற்கு இயங்குதளத்தின் பைத்தானே போதும். அதைத் தொடாமல் அதன்மீது ஒரு மெய்நிகர் சூழல் அமைத்தால் சரி.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்' என்று அடியுங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் 'பைத்தான்3-வென்வ்' என்ற பேக்கேஜை முன்பே ஆப்ட் வழியாக நிறுவியிருக்க வேண்டும். பிறகு 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. இனி பிப் நிறுவுவதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே அடங்கும்.

வென்வ் தனியான பைத்தான் அல்ல என்பதை மறக்கக் கூடாது. அதன் பின் ஃபோல்டரில் இருப்பது மூலப் பைத்தானைச் சுட்டும் சிம்லிங்க்தான். உபுண்டு 22.04-ஐ 24.04-ஆக உயர்த்தினால் 3.10 போய்விடும், அதன்மேல் கட்டிய எல்லா வென்வ்களும் அன்றோடு செயலிழக்கும். பதற வேண்டாம். பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு, பேக்கேஜ் பட்டியலிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் எழுதிவைத்திருந்தால்! 'பிப் ஃப்ரீஸ்' தரும் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து கிட்டில் சேர்ப்பது அதற்காகத்தான். வென்வ் ஃபோல்டரை கிட்டில் சேர்க்காதீர்கள். வேறு இடத்துக்கு நகர்த்தவும் செய்யாதீர்கள். அதற்குள் இருக்கும் நிரல்களின் முதல் வரியில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதால், நகர்த்தினால் அவை ஓடாது.

வேறு பதிப்பே வேண்டுமென்றால்

உபுண்டுவில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு 'டெட்ஸ்னேக்ஸ்' என்ற களஞ்சியம் உண்டு. ஆப்ட் வழியாகவே பைத்தான்3.11, பைத்தான்3.13 என எண்ணோடு கூடிய பெயர்களில் பக்கத்தில் வந்து உட்காரும். இயங்குதளத்தின் பைத்தான்3 அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு பதிப்புகள் போதும் என்பவர்களுக்கு எளிய வழி.

பல பதிப்புகளோடு புழங்குபவர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருவது 'பைஎன்வ்'. ரூபி மொழிக்காக எழுதப்பட்ட ஆர்பிஎன்வ் கருவியிலிருந்து கிளைத்தது இது. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். ரூட் அதிகாரம் கேட்காது. 'பைஎன்வ் இன்ஸ்டால் 3.11' என்றால் மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே தொகுக்கும். 'பைஎன்வ் லோக்கல் 3.11' என்றால் அந்த ஃபோல்டரில் '.பைத்தான்-வெர்ஷன்' என்ற ஒரு வரிக் கோப்பு உருவாகும். அதன்பின் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும்போது 3.11, வெளியே வந்தால் பழையது.

பைஎன்வில் பலரும் இடறுவது தொகுக்கும் இடத்தில். பைத்தானின் சில பகுதிகள் வெளி நூலகங்களைச் சார்ந்தவை. அவற்றின் 'டெவ்' பேக்கேஜ்கள் முன்பே கணினியில் இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லையென்றால் தொகுப்பு வெளிப்படையாகத் தோற்கும். அது நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது. எஸ்கியூலைட் இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு, நிறுவல் வெற்றி என்று முடியும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. பல நாள் கழித்து ஜாங்கோ புராஜெக்டைத் தொடங்கும்போது '_எஸ்கியூலைட்3 என்ற தொகுதி இல்லை' என்று வரும். ஜாங்கோவின் இயல்பான தரவுத்தளம் எஸ்கியூலைட் என்பதால் முதல் அடியே தடுக்கும். பிப் கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது. 'லிப்எஸ்கியூலைட்3-டெவ்' பேக்கேஜை ஆப்டில் நிறுவிவிட்டு அந்தப் பைத்தானையே மறுபடி தொகுக்க வேண்டும். எனவே பைஎன்வைத் தொடும் முன்பே பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், டிகே-டெவ் ஆகியவற்றை ஒரே கட்டளையில் நிறுவிவிடுங்கள்.

தொகுக்கும் தொல்லையே வேண்டாம் என்றால் 'யூவி' இருக்கிறது. ஆஸ்ட்ரல் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி 2024-இல் வெளியிட்ட கருவி இது. 'யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.11' என்றால் முன்பே தொகுத்துவைத்த பைத்தானை இறக்கி விரித்துவைக்கும். எந்த டெவ் பேக்கேஜும் தேவையில்லை. 'யூவி பைத்தான் பின் 3.11' என்றால் பைஎன்வ் எழுதும் அதே '.பைத்தான்-வெர்ஷன்' கோப்பை எழுதும். வென்வ் அமைப்பது, பேக்கேஜ் நிறுவுவது எல்லாவற்றையும் இதுவே செய்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் யூவியைத்தான் சொல்வேன். தொகுக்கும்போது சிறப்புத் தேர்வுகள் கொடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் பைஎன்வ். இரண்டையும் ஒரே கணினியில் கலந்து பயன்படுத்துவதைத் தவிருங்கள். எந்தப் பைத்தான் எதிலிருந்து வந்தது என்று தேடுவதற்கே நேரம் போய்விடும்.

கோப்பில் 3.11.9 என்று முழு எண்ணை எழுதாமல் 3.11 என்று மட்டும் எழுதுவது நல்லது. மூன்றாவது எண் மாறுவது பிழைதிருத்தங்களுக்கே; அவற்றைத் தடுத்து நிறுத்தக் காரணமில்லை. அந்தக் கோப்பைக் கட்டாயம் கிட்டில் சேருங்கள். உங்களுக்குப் பின் அந்த புராஜெக்டைத் திறப்பவர் எந்தப் பதிப்பு என்று ஊகிக்கத் தேவையிராது.

கிரான் இரவில் ஓடும்போது

டெர்மினலில் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்ற புலம்பல் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. பதிப்பு மேலாண்மைக் கருவிகள் பாத்தை மாற்றுவது '.பாஷ்ஆர்சி' கோப்பின் வழியாக. கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. டெபியனில் அதற்குத் தெரிந்த பாத் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். சிஸ்டம்டி சேவைகளும் உங்கள் பாஷ்ஆர்சியைப் பார்ப்பதில்லை. தீர்வு எளிது: முழுப் பாதையை எழுதுங்கள். புராஜெக்டின் '.வென்வ்/பின்/பைத்தான்' என்பதற்கு முன்னால் வேரிலிருந்து தொடங்கும் ஃபோல்டர் பெயர் முழுவதையும் சேர்த்து எழுதினால் போதும். ஆக்டிவேட் செய்யத் தேவையே இல்லை. அந்தப் பைத்தான் தன்னருகே இருக்கும் அமைப்புக் கோப்பைப் பார்த்து, தான் எந்த வென்வைச் சேர்ந்தது என்று தானே அறிந்துகொள்ளும்.

மற்ற மொழிகள்

நோட்.ஜேஎஸ்-க்கு 'என்விஎம்' அல்லது 'எஃப்என்எம்', ஃபோல்டரில் '.என்விஎம்ஆர்சி' கோப்பு. இரட்டைப்படை எண்ணுள்ள பதிப்புகளே நீண்டகால ஆதரவு பெற்று வந்திருக்கின்றன. சர்வரில் ஒற்றைப்படை வேண்டாம். 2021-இல் வந்த 17-ஆம் பதிப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியதால், வெப்பேக் 4-ஐ நம்பிய புராஜெக்ட்கள் கட்டும்போதே நின்றன. பழைய ரியாக்ட் புராஜெக்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்து, ஓப்பன்எஸ்எஸ்எல் பெயரோடு பிழை காட்டினால் காரணம் இதுதான். வெப்பேக்கை உயர்த்துவதே சரியான தீர்வு.

ஜாவாவுக்கு அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் பயன்படுத்தலாம். இயங்குதளத்தின் அடிப்படைக் கருவிகள் ஜாவாவைச் சார்ந்திருப்பதில்லை. கூடவே 'ஜாவா_ஹோம்' மாறியையும் மாற்ற மறக்காதீர்கள். மேவன் அதைத்தான் பார்க்கும். கிளாஸ் கோப்பின் பதிப்பு ஒத்துவரவில்லை என்று 61, 65 போன்ற எண்களோடு பிழை வந்தால், அதிலிருந்து 44-ஐக் கழியுங்கள்: 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21. பல ஜாவாக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கு 'எஸ்டிகேமேன்' வசதி.

பிஹெச்பியில் டெர்மினல் காட்டும் பதிப்பை நம்பாதீர்கள். இணையதளத்தை ஓட்டுவது எஃப்பிஎம் சேவை. அது வேறு பதிப்பாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். ரஸ்டுக்கு 'ரஸ்ட்அப்' ஒன்றே போதும். கோ மொழி 1.21 முதல், புராஜெக்ட் கேட்கும் பதிப்பைத் தானே இறக்கிக்கொள்கிறது. பல மொழிகளை ஒரே கருவியில் கையாள விரும்புபவர்கள் 'மிஸே'யைப் பார்க்கலாம்.

திருத்தங்கள் யார் பொறுப்பு?

இயங்குதளத்தின் பைத்தானுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஆப்ட் வழியாகத் தானாக வரும். நீங்கள் பைஎன்விலோ யூவியிலோ நிறுவியதை ஆப்ட் கண்டுகொள்ளாது. பைஎன்வ் தொகுக்கும் பைத்தான் வழக்கமாகக் கணினியின் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐயே பயன்படுத்துவதால் அதற்கு வரும் திருத்தமாவது கிடைத்துவிடும். யூவி இறக்குவதில் ஓப்பன்எஸ்எஸ்எல்-உம் உள்ளேயே சேர்ந்திருப்பதால் அதுவும் கிடைக்காது. மாதம் ஒருமுறையாவது புதிய திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்து நிறுவுவது இனி உங்கள் வேலை.

பைத்தான் 3.9-க்கான திருத்தங்கள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டன. 3.10-க்கு 2026 அக்டோபர்தான் எல்லை. 'பைஎன்வ் வெர்ஷன்ஸ்' அல்லது 'யூவி பைத்தான் லிஸ்ட்' என்று அடித்துப் பாருங்கள். நீங்கள் நிறுவியவற்றில் ஆதரவு முடிந்த பதிப்பு இருந்தால், அதை எந்த புராஜெக்ட் பயன்படுத்துகிறது என்று தேடி, 3.12-க்கு மாற்றிச் சோதித்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.